முதுகுல ஒட்டின காந்தப் பொட்டி

டேய் பேராண்டி, வா. அந்த இரும்புக் கட்டிலை வேப்பமர நெழலுக்கு இழுத்துப் போட்டு உக்காரு. நைட் ஷிப்ட்டு முடிஞ்சு தூங்கப் போகாம தாத்தாவைத் தேடி வர்றேன்னா, ஒண்ணு துட்டு வேணும், இல்ல புதுசா எதையோ வாங்கியாந்து காட்டணும். துட்டு கேக்கற மூஞ்சி எனக்குத் தெரியும். இது அந்த மூஞ்சி இல்ல.

இன்னா அது, போனு முதுகுல? போனுக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சுன்னு பிளாஸ்திரி போட்டிருக்கியோன்னு பாத்தேன்.

எஸ்எஸ்டியா. காந்தம் வெச்சது. ஒரு டிபி. எங்க காலத்துல டிபின்னா தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்புவாங்க. நீ தவணை கட்டி வாங்கிக்கினு வந்திருக்க.

குடு பாப்போம். கரைஞ்சுபோன சோப்புக்கட்டி கணக்கா இருக்குது. இழுத்தா பிச்சுக்கினு வருது, கிட்ட காட்டினா டப்புன்னு போயி ஒட்டிக்குது. இந்தா, என் வெத்தலத் தகர டப்பாவுலயும் ஒட்டுது. பாக்குவெட்டியையும் சேத்து இழுக்குது பாரு. சரி, புடி, உன் சொத்தை நீயே வெச்சுக்க.

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடிய இதுல புடிக்கப் போறியாக்கும். சபாஷ். போன வருசம் நீ புடிச்சது கட்டியங்காரன் முப்பது செகண்டு, அது மேலயும் ஏதோ சினிமாப் பாட்டை ஏத்தி வெச்சிருந்த. கூத்து வாத்தியாரு தொண்டை கிழியப் பாடினது யாருக்கும் கேக்கல. இந்த வருசம் முழுக் கூத்துங்கற. நல்ல புத்திதான். ஆனா காந்தம்னு நீ சொன்னதும் எனக்கு வயித்தைக் கலக்குதுடா. ஏன்னு கேளு.

இந்தப் பக்கம் கல்யாணத்துக்கு வீடியோன்னு மொதமொதல்ல வந்தப்ப லைட் புடிச்சவன் நானு. கேமராக்காரரு தோள்ல விஎச்எஸ் கேமரா, ஒரு கைக்குழந்தை எடை. நான் பின்னாலயே அந்தக் கொள்ளிக்கட்டை லைட்டைத் தூக்கிக்கினு நடப்பேன். பொண்ணு மூஞ்சியில பவுடர் உருகும், மாப்ள கண்ணைத் தொறக்க மாட்டான். கேசட்டு மேல ஈ-180ன்னு போட்டிருக்கும். மூணு மணி நேரம் ஓடும். ஒரு கல்யாணத்துக்கு அது எதேஷ்டம்.

அப்பிடி ஒரு கல்யாணம் முடிஞ்சு ரேடியோ செட்டுக்காரரு வண்டியிலயே ஊரு திரும்பினோம். கேசட்டு பத்திரமா இருக்கட்டும்னு ஒரு சாக்குக்குள்ள சொருகினேன். சொருகினது நான்தான், அப்ப ஒத்துக்கல, இப்ப ஒத்துக்கறேன். அந்தச் சாக்குல புனல் ஸ்பீக்கர் யூனிட்டைக் கழட்டிப் போட்டிருந்தாங்க. யூனிட்டு பின்னால உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் இருக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா? ரெண்டு நாளு சாக்கு அப்பிடியே கெடந்துச்சு. அப்பால போட்டுப் பாத்தா நலங்கு வரைக்கும் ஜோரா வருது. மாப்ள தாலியைக் கையில எடுக்கறாரு. அங்க புடிச்சுது பாரு ஐப்பசி மழை. கோடு கோடா, புள்ளி புள்ளியா. மேளச் சத்தம் கெணத்துக்குள்ளேருந்து வருது. மழை விட்டுப் படம் தெளிஞ்சா, பந்தியில ஒரு மாமா ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சுக்கினு இருக்காரு.

“இன்னொருக்கா தாலி கட்டச் சொல்லுங்க, நல்லா எடுத்துத் தர்றோம்”னாரு நம்ம கேமராக்காரரு. பொண்ணோட அப்பா ஒண்ணும் பேசல. குனிஞ்சு செருப்பைத் தேடினாரு.

அந்த நாடாவுல தடவியிருந்தது காந்தத்தூளுடா. கேமராவுக்குள்ள இருக்கற குட்டிக் காந்தம் அந்தத் தூளை வரிசை கட்டி நிக்க வெச்சா அதுதான் படம். பெரிய காந்தம் ஒண்ணு பக்கத்துல வந்தா வரிசை கலைஞ்சிடும். எழுதறதும் காந்தம், அழிக்கறதும் காந்தம். அதனாலதான் கேசட்டு வெச்சிருந்தவன் காந்தத்தைக் கண்டா பாம்பைக் கண்ட மாதிரி ஓடுவான். நீ என்னடான்னா காந்தத்தாலயே கட்டி முதுகுல தூக்கிக்கினு வந்து நிக்கற.

பயப்படாத. உன் பொட்டி அந்தச் சாதி இல்ல. அதுக்குள்ள இருக்கறது சில்லு. நாத்தங்கால்ல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத பாத்தியில மின்சாரத்தைக் கட்டி வெச்சிருக்குது. இந்தக் காந்தம் அந்தப் பாத்தியோட வரப்பைக் கூட ஆட்டாது. இங்க காந்தத்துக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. ஆணி. சட்டையை மாட்டற ஆணி. சட்டைக்கும் ஆணிக்கும் வேற சம்பந்தம் இல்ல. உன் பேங்க் கார்டு முதுகுல கறுப்புப் பட்டை இருக்குதே, அதுல இன்னும் அந்தப் பழைய காந்தத்தூளுதான். ரெண்டையும் ஒரே பையில போடாத. அப்பால, மேலத்தெரு பெரியவருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்குது. அவரைக் கட்டிப் புடிக்கும்போது இதைச் சட்டைப்பையில வெச்சுக்கினு கட்டிப் புடிக்காத. 15 சென்டிமீட்டராவது தள்ளி வெக்கணும்னு உன் போன் கம்பெனியே சொல்லுது. நம்ம கணக்குல ஒரு சாண்னு வெச்சுக்க.

உன் கூட்டாளி ஒருத்தன் பழைய ஐபோன் 13-ல இதே மாதிரி ஒண்ணை ஒட்டிக்கினு டீக்கடையில நிக்கறான். பாத்தேன். அது வெறும் அழகுக்கு மாட்டின அட்டிகை. முதுகுல காந்த வளையம் 2020-ல 12 வந்தப்பவே வந்துடுச்சு. ஆனா எடுக்க எடுக்க வெளிப்பொட்டியிலயே நேரா எழுதற வித்தை 2023-ல 15 ப்ரோ வந்தப்பதான் வந்துச்சு. ஒட்டறதெல்லாம் எழுதாதுடா. ஒட்டாம போனாலும், வயரு சரியா இருந்தா எழுதும். இதை அவன்கிட்ட சொல்லாத, பாவம், பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க அவனுக்கு.

உன்னுது 16 ப்ரோ. தெரியும்டா, ஊரு பூரா நீயே சொல்லிட்ட. சுங்குவார்சத்திரத்துல ஃபாக்ஸ்கான் 2019-ல ஐபோன் எக்ஸ்ஆர் கோக்க ஆரம்பிச்சாங்க. ப்ரோ போனு நம்ம நாட்டுல கோத்தது 2024-ல, இந்த 16-லதான். அதே வருசம் ஆகஸ்டுல வல்லம் வடகால்ல 18,720 பொம்பளப் பிள்ளைங்க தங்கறதுக்கு சிப்காட்டு ஹாஸ்டல் தொறந்தாங்க. நம்ம கரம்பு நெலம் இருந்த எடத்துலேருந்து பாத்தா ராத்திரியில கப்பல் நிக்கற மாதிரி வெளக்கு தெரியுது. உன் போனைக் கோத்த பொண்ணு எதிர்க்கடையில ஷேர் ஆட்டோவுக்கு நின்னுக்கினு இருந்தாலும் இருக்கும். அது பைக்குள்ள ஒம்பதாயிரம் ரூவா போனு வெச்சிருக்கும். நீ அது எதிர்ல பெருமையா இதை எடுத்து நீட்டாத. அது கையில எத்தினி ஆயிரம் போயிருக்கும் இந்த மாதிரி.

சரி, கூத்துக்கு வா. கணக்கு போடலாம். அந்த நோட்டை எடு.

ப்ரோரெஸ்னு ஒண்ணு வெச்சு எடுக்கப் போறேங்கற. ஆப்பிள்காரனே எழுதி வெச்சிருக்கான், 4கே-ல ஒரு நிமிசத்துக்குச் சுமார் 6 ஜிபி. அதே ஒரு நிமிசத்தைச் சாதா வழியில, வினாடிக்கு 30 படம்னு எடுத்தா 170 எம்பி. ஒண்ணு அறுப்பு அடிச்சு வைக்கோலோட களத்துல குமிச்ச நெல்லு, இன்னொண்ணு அரைச்சு மூட்டை கட்டின அரிசி. திங்கறவனுக்கு ரெண்டும் சோறுதான்.

உன் டிபியை ஆறால வகுத்துப் பாரு. 166 நிமிசம். ரெண்டே முக்கா மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குக் கட்டியங்காரன் திரைக்கு முன்னால வந்தான்னா, கால் மணி குறைய ஒரு மணிக்கு... நீயே போடு, பன்னெண்டே முக்காலுக்கு உன் பொட்டி ரொம்பிடும். துச்சாதனன் அப்பதான் சேலையில கை வெப்பான். கண்ணன் குடுத்த சேலைக்கு முடிவு கெடையாது, உன் டிபிக்கு இருக்குதே. இன்னும் வழவழன்னு வரணும்னு வினாடிக்கு 60 படம்னு வெச்சியானா அதுலயும் பாதி. சூதாட்டத்துல தருமன் மொத காயை உருட்டறதுக்குள்ள நீ தோத்துடுவ.

எட்டு மணி நேரக் கூத்து முழுக்க வேணும்னா 2,880 ஜிபி. இந்த மாதிரி மூணு பொட்டி. சாதா வழியில எடுத்தா 82 ஜிபி. உன் போனுல 128 இருக்குது. அதுல நீ கொட்டி வெச்சிருக்கற குப்பையை, பரோட்டா அடிக்கற வீடியோ, பைக் சைலன்சர் வீடியோ எல்லாத்தையும் கூட்டித் தள்ளினா, கூத்து மொத்தமும் எடம் கேக்காம படுத்துக்கும். காந்தமே வேணாம்.

மூஞ்சி சுண்டிப்போச்சு பாரு. அந்தப் பொட்டி வீணுன்னு நான் சொன்னேனா? உன் போனு 128-ங்கறதால 4கே ப்ரோரெஸ்ஸை அது உள்ள எழுதவே விடாது, வெளிப்பொட்டி மாட்டினாத்தான் விடும். கடைக்காரன் அந்த வெசயத்துல பொய் சொல்லல. கூத்துக்களத்துல வெளிச்சம் கம்மி. கிரீடத்துல கண்ணாடிச் சில்லு மின்னும், பக்கத்துல மூஞ்சி அரிதாரச் சிவப்பு, பின்னால கும்மிருட்டு. அந்தக் கலரை அப்பால உக்காந்து திருத்தணும்னா ப்ரோரெஸ் கை குடுக்கும். அதனால சொல்றேன் கேளு. கர்ணமோட்சத்துல கர்ணனும் பொன்னுருவியும் பேசற கட்டம், அர்ச்சுனன் தபசு மரம் ஏறற கட்டம், அது மாதிரி அஞ்சாறு எடத்துக்கு மட்டும் பொட்டியை மாட்டு. மீதியை அரிசியாவே கட்டு. எந்தக் கட்டம் எப்ப வரும்னு தெரியலேன்னா முன்னாடியே போயி வாத்தியாரைக் கேளு. வெத்தலை வாங்கிக்கினு போ, வெறுங்கையோட போகாத.

ஆப்பிள்காரன் 2023 அக்டோபர்ல தன் வீட்டு விசேசத்தையே ஐபோனுல எடுத்தானேன்னு எனக்கே படம் காட்டுவ நீ. ஆமா எடுத்தான். பின்னால நின்ன கிரேனு, தள்ளுவண்டி, பந்தல் சைஸ் வெளக்கு இதையெல்லாம் பாத்தியா? உனக்குப் பின்னால நான்தான் நிப்பேன், கையில டார்ச் லைட்டோட.

அந்த வயரைக் காட்டு. போனையும் குடு, அந்தச் சொருகற ஓட்டை எங்க இருக்குதுன்னு பாக்கறேன். ம். இந்த வெள்ளை வயரு போனு பொட்டியிலேயே வந்ததுதானே? அதைத் தூரப் போடு. அது சார்ஜு ஏத்தறதுக்குன்னு குடுத்தது. படம் வேகமாப் போறதுக்கு அதுல வழி கெடையாது. பொட்டிக்கு வினாடிக்கு 220 எம்பியாவது எறங்கணும். அந்த வெள்ளை வயரு யூஎஸ்பி 2 சாதி, முக்கி முக்கித் தள்ளினாலும் 60 தாண்டாது. ஏரி ரொம்பி மதகைத் தொறக்கறான், நீ கழனிக்குத் தண்ணியை மூங்கில் குழாயில விடற. 10 ஜிபிபிஎஸ்னு போட்ட வயரு வாங்கு, குட்டையா வாங்கு. நீட்டு வயரு எவன் கையிலயாவது மாட்டி இழுத்துடுச்சுன்னா எடுத்துக்கினு இருக்கறது அங்கயே நின்னுபோயிடும். உன் அப்பன் கம்ப்யூட்டருக்கு வெச்சிருக்கானே அந்தப் பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்கு, அதை மாட்டலாமான்னும் யோசிக்காத. அதுக்கு அவ்ளோ வேகமும் இல்ல, தட்டினா உடம்புக்கும் ஆகாது. போனு குடுக்கற கரண்டும் 4.5 வாட்டுக்கு மேல கேக்கற பொட்டிக்கு ஆகாது. ஃபார்மேட்டு எக்ஸ்ஃபேட் இல்லன்னா ஏபிஎஃப்எஸ்னு இருக்கணும், பூட்டு போட்டு வெச்சிருக்கக்கூடாது.

எனக்கு எப்பிடித் தெரியுமா? நீ தூங்கும்போது அந்த அட்டைப்பொட்டிக் காகிதத்தை உன் தங்கச்சியைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். வாங்கினவன் நீ, படிச்சது நாங்க.

இன்னொரு சங்கதி அதுல எழுதல. போனுக்கு வாசல் ஒண்ணுதான். அதுல வயரைச் சொருகிட்ட. சார்ஜு எப்பிடி ஏத்துவ? முதுகுல ஏத்தறதுன்னா அங்கயும் உன் பொட்டி குந்திக்கினு இருக்குது. மாமியாரு வீட்டுக்கு வந்த மருமவன் திண்ணையிலயும் படுத்துக்கினு வாசல்லயும் காலை நீட்டின கதைதான். 4கே-ல ஓடவிட்டா பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்னு ஒரு ராத்திரி வீட்டுலயே எடுத்துப் பாரு. கூத்துக்களத்துல பாக்காத. சார்ஜும் உள்ள போறதுக்கு வழி வெச்ச பொட்டியும் விக்கறாங்களாம். அதை மாத்தித் தருவானான்னு கேளு, அதுக்கு முன்னாடி மேல கீறல் எதுவும் விழாம பாத்துக்க.

கீறல்னதும் ஞாபகம் வருது. நீ ஒரகடத்துல வேலை பாக்கறது பிரஸ் ஷாப்புல. இதைப் பாக்கெட்டுல போட்டுக்கினு போனேன்னா சாயங்காலம் எடுத்துப் பாரு, முள்ளம்பன்றி மாதிரி இரும்புப் பிசிறு நிக்கும். காந்தம் அதோட வேலையைச் சரியாச் செய்யுது, தப்பு சொல்ல முடியாது. அதைப் பாக்காம நீ போனு முதுகுல ஒட்டி ஒரு திருப்பு திருப்பினா கண்ணாடி மேல உளி ஓட்டின மாதிரிதான். கோதுமை மாவு கொஞ்சம் பெசஞ்சு உருட்டி ஒத்தி எடு, பிசிறு வந்துடும். கம்பெனி வாசல்ல கேமராக் கண்ணு மேல ஸ்டிக்கரு ஒட்டறாங்க இல்ல, டிரைவைக் கண்டா செக்யூரிட்டி என்ன கேப்பான்னு யோசிச்சியா? வீட்டுலயே வெச்சுட்டுப் போ.

படுகளம் அன்னிக்கு உனக்குச் சோதனை. துரியோதனன் மண்ணுல மல்லாந்து படுத்திருப்பான், பீமன் சுத்திச் சுத்தி வருவான், வெயிலு மண்டையைப் பொளக்கும். போனும் கொதிக்கும், ஒட்டின பொட்டியும் கொதிக்கும். ரெண்டும் முதுகோட முதுகு. சூடு ஏறினா பொட்டி வேகம் கொறையும், போனு வெளக்கைக் கம்மி பண்ணிக்கும். சில பொட்டி, மொத பந்தியில ஓடி ஓடி எலை போட்டுப் பரிமாறும், மூணாம் பந்தியில சாம்பார் வாளியோட செவுத்துல சாஞ்சுக்கும். அட்டையில போட்டிருக்கற வேகம் மொத பந்தி வேகம். அன்னிக்கு மட்டும் ஒட்டாம, வயருல தொங்கவிட்டு, ஈரத்துணி பக்கத்துல... வேணாம், ஈரத்துணி வேணாம், உன்னை நம்ப முடியாது. நெழல்ல நில்லு.

எடுத்து முடிச்சதும் போனுல தேடிட்டு “ஒண்ணும் பதியலையே தாத்தா”ன்னு கத்தாத. அது பொட்டியில இருக்கும், போனு ஆல்பத்துல வராது. எழுதிக்கினு இருக்கும்போது வயரைப் பிடுங்கவும் பிடுங்காத.

இப்ப ஒரு வெசயம் சொல்றேன், இதுல வெளாட்டு இல்ல. பெரும்புதூர்ல 1991 மே 21 ராத்திரி. குண்டு வெடிச்சுது, ராஜீவ் காந்தியும் போனாரு, கூட நின்னவங்களும் போனாங்க, படம் எடுத்துக்கினு இருந்த ஹரிபாபுவும் போயிட்டாரு. அவரு கேமராவும் உள்ள இருந்த பிலிம் ரோலும் தப்பிச்சுக் கெடந்துச்சு. அதுல இருந்தது பத்துப் படம். கேஸு நூல் புடிச்சுப் போனது அதுலேருந்துதான். அந்தப் பக்கம் பஸ்ஸுல போறப்பல்லாம் எனக்கு அந்த ரோலுதான் ஞாபகம் வரும். கையளவு சாமான்.

உன் கையிலயும் கையளவுதான் இருக்குது. வெதை நெல்லை நாங்க ஒரே குதிர்ல வெக்க மாட்டோம். எலி ஒண்ணைத் தின்னாலும் இன்னொண்ணு இருக்கும், பங்காளி வீட்டுல ஒரு மூட்டை கெடக்கும். கூத்து முடிஞ்ச காலையில தூங்கறதுக்கு முன்னாடி அப்பன் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இறக்கு, வாத்தியாருக்கு ஒண்ணு போட்டுக் குடு. அவரு வீட்டுல அதைப் போட்டுப் பாக்க ஒண்ணும் இல்லன்னாலும் குடு. அவரு ஆடினது. பொட்டியைப் பரண்ல போட்டு மறந்துடாத, கரண்டே காட்டாம வருசக்கணக்கா கெடந்தா பாத்தித் தண்ணி வத்தற மாதிரி அதுவும் வத்தும்.

போதும், கண்ணு சொருகுது உனக்கு. போயித் தூங்கு. போனு இந்தா.

நில்லு. திருப்பிப் பாரு அதை. முதுகுல என்ன இருக்குது?

வெறும் முதுகு. நான் வயரைப் பாக்கறேன்னு போனைக் கையில வாங்கினேனே, அப்பவே கழட்டிட்டேன். இவ்ளோ நேரம் பேசினோம், உன் கண்ணு ஒரு தடவ கூட அங்க போகல. ராத்திரிக் கூத்துல, ஊரே கூடி நிக்கற எடத்துல, தண்ணி போட்டவன் தோள்ல இடிச்சுக்கினு போற கும்பல்ல, நீ பாத்துக் கிழிச்ச மாதிரிதான்.

பதறாத. கட்டில் காலுல, உள்பக்கம், கையை விட்டுத் தடவு. பையப் பைய. இன்னும் கீழ. ஆங், கெடச்சுதா? அதோட கூட ஏதோ ஒட்டிக்கினு வருதே, குத்திக்கப் போறடா.

அட, உன் ஆயாவோட கோணி ஊசி. ரெண்டு நாளா என்னைத்தான் திட்டிக்கினு இருக்கா, நான் எடுத்துப் பல்லு குத்தினேனாம். போடா, உள்ள போயிக் குடு. டிரைவை இல்லடா, ஊசியை. டிரைவைப் பாத்தா அவளும் கேப்பா, தெனைக்கும் ஏதாவது ஒண்ணைக் கீழ போட்டுக்கினுதான் இருக்கா.